றீற்றாவின் கட்டில்

முதலில் என்னைக் கைவிட்டது வலது காற் செருப்பு. நெல்லியடிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். மரக்கறி விற்கிற மனுசி, "அக்கா, உங்கடை செருப்பு அங்கை கிடக்குது" என்று எனக்குப் பின்னால் காட்டினாள். திரும்பிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஆட்கள் நடக்கிற வழியில், என் செருப்பு தனியாகக் கிடந்தது. வெய்யிலில் கொதிக்கிற சீமெந்தில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். காலுக்கு அது தெரியவில்லை. வயது போகிறது என்று என்னையே ஏசிக்கொண்டு, செருப்பை மாட்டி, கத்தரிக்காயையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலமை கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. கால் இருந்தது, நானும் இருந்தேன், இரண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெயர் பரமேஸ்வரி. வயது அறுபத்தாறு. முப்பத்துநாலு வருஷம் தபால் கந்தோரில் வேலை செய்து, தபாலதிபராக ஓய்வு பெற்றவள். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. ஒரே மகன் குகன் கனடாவில். வீட்டில் நான் தனி. கவுண்டருக்குப் பின்னால் நின்று, முகவரியைப் பிழையாக எழுதிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் ஏசி ஏசிப் பழகின வாய் எனக்கு. உடம்பில் ஒவ்வொன்றாக நின்றுபோனபோது கடைசியாக நின்றதும் அதுதான். இந்தக் கதையில் அந்த வாய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அயல்வீட்டார் ஓட்டோ பிடித்து ஏற்றினார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்த்துவிட்டு, அம்புலன்சில் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெண்கள் வாட்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. சுத்தமான வெள்ளை விரிப்பு, நல்ல காற்று. எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அந்தக் கட்டில் ஏன் காலியாக இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் இரண்டே வழியில்தான் காலியாகும்.

முதுகெலும்புக்கு நடுவில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதற்கு இறால் மாதிரிச் சுருண்டு படுக்கவேண்டும். பிறகு கையிலும் காலிலும் சின்னச் சின்ன கரண்ட் அடித்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டுபோகிறது என்று அளந்தார்கள். என் நரம்புகள் எங்கள் பழைய தபால் சைக்கிளை விட மெதுவாக ஓடின. நரம்பு வைத்தியர் ஒரு இளம் பெண். கட்டில் ஓரத்தில் வந்து இருந்து, வருத்தத்தின் பெயர் கில்லன் பாரே என்று சொன்னாள்.

"அம்மா, கரண்ட் வயருக்கு மேலை ஒரு உறை இருக்குமெல்லோ? நரம்புக்கும் அப்பிடித்தான். உங்களுக்குப் போன கிழமை வயித்தோட்டம் வந்தது எண்டு சொன்னனீங்கள். அந்தக் கிருமியை அடிக்க வெளிக்கிட்ட காவல்காரர் வழிமாறி, இப்ப உங்கடை நரம்புறையைக் கடிக்கினம்."

"வயர் அறுந்து போகுமோ?"

"கனபேருக்கு அறாது. உறை திரும்ப வளரும். ஆனால் ஆறுதலாய், மெல்ல மெல்லத்தான் வளரும். அதுக்கிடையிலை இது மேலை ஏறும். காலிலை துவங்கி, கைக்கு வரும். நெஞ்சுக்கு வந்தால் மூச்சுக்கு மெசின் வைக்கவேணும். அதுதான் நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

பார்க்கிற விதம் எளிது. காலமை ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் வந்து, "ஒரு மூச்சிலை எண்ணுங்கோ" என்பார்கள். மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று முடியும்வரை எண்ணவேண்டும். முதல் நாள் முப்பத்தெட்டு வந்தது. அடுத்த நாள் முப்பத்தொன்று. பதினைந்துக்குக் கீழே போனால் மெசின் என்று டொக்டர் சொல்லியிருந்தாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் காசுக்கட்டளைகளை எண்ணினவள் நான். இப்போது எண்ணுவது என் மூச்சை.

வியாழன் பின்னேரம் குகன் ஃபோன் எடுத்தான். மருமகளுக்குப் பிள்ளை பிறக்கிற மாசம், அவனால் உடனே வர ஏலாது. குரல் அழுகிற குரல். "அம்மா, சிநேகிதன் ஒருத்தனைக் கொண்டு துணைக்கு ஆள் ஒழுங்குபண்ணியிருக்கிறன். நாளைக்குக் காலமை ஒரு வேதக்காரப் பொம்பிளை வருவா. நல்ல ஆளாம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றான். வேதக்காரர் என்று எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களைச் சொல்வோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற தாய் தகப்பனுக்கு இப்படிச் சம்பளத்துக்கு ஆள் பிடித்து விடுவது இங்கே எல்லா வாட்டிலும் நடக்கிற காரியம்.

வெள்ளிக்கிழமை காலமை எட்டு மணிவரை ஒருவரும் வரவில்லை. எட்டரைக்கும் இல்லை. கை இரண்டும் இரவோடு இரவாகக் கனத்துவிட்டன. எங்கிருந்தோ பறந்து வந்து முகத்தில் ஒரு இலையான் இருந்தது. கையைத் தூக்கிக் கலைக்கப் பார்த்தேன், கை வரவில்லை. இலையான் மூக்கில் நடந்தது, கண் ஓரத்தில் நடந்தது. அந்த நேரம் எனக்கு வந்த பயத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒரு இலையானுக்கு முன்னால் நான் ஒன்றுமில்லை என்று விளங்கின நேரம் அது.

ஒன்பது மணிபோல ஒரு பெண் வாட்டுக்குள் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிலுவை. கையில் ஒரு பை. நேரே என் கட்டிலடிக்கு வந்து நின்று, என்னைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று நான் வெடித்தேன். "எத்தினை மணிக்கு வரச்சொன்னது, எத்தினை மணிக்கு வாறாய்?"

அவள் திகைத்துப்போய் நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "அம்மா, நான்..."

"கதை பேந்து. முதல் இந்த இலையானைக் கலை. பிறகு பெட்பானை எடு. அழுத கண்ணோடை வேலைக்கு வராதை, எனக்கு அது சரிவராது."

அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பையைக் கட்டிலின் கீழே வைத்துவிட்டு, கையால் மெல்ல விசிறி அந்த இலையானைக் கலைத்தாள். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு, "பெட்பான் எங்கை அம்மா வைக்கிறவை?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, பதிலுக்கு முன்னமே அது இருக்கிற இடத்துக்கு அவள் கை போனதை நான் கண்டேன். கண்டும் ஒன்றும் கேட்கவில்லை.

பிலோமினா என்று பெயர் சொன்னாள். ஊர் மயிலிட்டி. புருஷன் கடலுக்குப் போகிறவர். இவள் விடிய எழும்பி மீன் வெட்டிக் காயப்போட்டுவிட்டு பஸ் ஏறி வருவாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்தாள். நான் ஒவ்வொரு நாளும் ஏசினேன். கையில் மீன் மணக்கிறது, சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு வா என்றேன். அவள் மூன்று தரம் கழுவினாள். விரல் மடிப்புகள் வெடித்துப் புண்ணாகும்வரை கழுவியிருக்கிறாள், அதைப் பிறகுதான் பார்த்தேன். வீட்டில் சமைத்த கஞ்சி கொண்டுவரட்டோ என்று கேட்டபோது, "உங்கடை பானையிலை காய்ச்சினது எனக்கு வேண்டாம். நான் சைவம்" என்றேன். சைவம் மட்டும் அதற்குக் காரணமில்லை. நான் வளர்ந்த வீட்டில் ஆர் ஆரின் வீட்டில் தண்ணி குடிப்பது என்று ஒரு கணக்கு இருந்தது, அதை நான் ஆஸ்பத்திரிக் கட்டில்வரை கொண்டுபோயிருந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் "சரி அம்மா" என்று சொல்லிவிட்டுக் கடையில் இடியப்பமும் சம்பலும் வாங்கி வந்து, சின்னச் சின்னதாகப் பிய்த்து ஊட்டினாள்.

என் பாதத்தைத் தேய்க்கும்போது அவள் வாய் மெல்ல அசையும். செபமாலை சொல்கிறாள் என்று விளங்கியது. "எனக்கு எண்டு உங்கடை செபம் ஒண்டும் சொல்லவேண்டாம், கண்டியோ" என்றேன். "இல்லை அம்மா, இது அக்காவுக்கு" என்றாள். எந்த அக்கா, அவளுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை.

சம்பளத்தைப் பற்றி ஒருநாள் நானே சொன்னேன். "மகன் பாத்துச் செய்வான், நீ யோசியாதை."

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? இண்டைக்கு எத்தினை எண்ணினீங்கள் அம்மா?"

இருபத்திரண்டு. அடுத்த நாள் பத்தொன்பது. டொக்டர் வராத நேரத்திலும் நான் இரகசியமாக எண்ணிப் பார்ப்பேன். பிலோமினாவும் என்னோடு சேர்ந்து உதட்டால் எண்ணுவாள். நான் நின்ற இடத்தில் அவளும் நிற்பாள். வேண்டுமென்றால் அவளால் அறுபதுவரை போகலாம். ஒருநாளும் என்னைத் தாண்டி ஒரு எண் போனதில்லை.

அடுத்த புதன்கிழமை பன்னிரண்டு வந்தது. டொக்டர் என் தோளில் கை வைத்தாள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பிலோமினா என் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். நடக்கமாட்டாத எனக்குச் செருப்பு எதற்கு என்று ஏசுவதற்கு எனக்கு மூச்சு இருக்கவில்லை. அவளே சொன்னாள்: "திரும்பி வரேக்கை வேணுமெல்லோ அம்மா."

தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். அன்றோடு என் வாய் மூடியது.

மெசின் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளும், நிறுத்தும், தள்ளும். தள்ளும்போது ஒரு பெருமூச்சுச் சத்தம். நான் கட்டளை போடாமலே என் நெஞ்சு ஏறி இறங்கியது. அறுபத்தாறு வருஷம் இந்த வேலையை ஆர் செய்துகொண்டிருந்தது, ஒருநாள் லீவு எடுக்காமல், ஒரு நன்றிகூட வாங்காமல் என்று அந்தக் கட்டிலில் கிடந்து வியந்தேன். விலை உயர்ந்த ஒரு மருந்தை இரத்தக்குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். முன்பின் தெரியாத பலபேர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சக்தி அது என்று மிஸி சொன்னா. நேர்சை இங்கே மிஸி என்போம். எத்தனை பேர் கை நீட்டிக் கொடுத்தார்களோ, அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. எல்லாரும் எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே துணையாள் நிற்க ஏலாது. மத்தியானம் கொஞ்ச நேரமும் பின்னேரம் கொஞ்ச நேரமும்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் பிலோமினா வெளியில் சுவரோரத்து மர வாங்கில் குந்தி இருப்பாள். உள்ளே வந்தவுடன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பத்துத் தரம் மடக்கி நிமிர்த்துவாள். பயிற்சி கொடுக்கிற மிஸ் அவளுக்கு அதைக் காட்டிக் கொடுத்திருந்தா. முகமும் அசையாமல் போய்விட்டது, இமை மூடாது, விழி மட்டும் அசையும். அவள்தான் வழி கண்டுபிடித்தாள். "மேலை பாத்தால் ஓம். பக்கத்துக்குப் பாத்தால் இல்லை. சரியோ அம்மா?" மேலே பார்த்தேன். அந்த ஒரு பார்வையில் நான் திரும்பவும் உலகத்துக்குள் வந்தேன். மிஸிமார் அன்பானவர்கள், ஆனால் அவர்களுக்குக் கட்டில் பல. என் கண்ணை வாசிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். தெரியாத பாஷையில் வந்த கடிதத்தை வாசித்துக் கொடுக்கிற மாதிரி, மிஸிக்கு என்னைச் சொல்லுவாள்: "அம்மாவுக்கு இடப்பக்கம் இடுப்பு நோகுதாம்."

இரவும் பகலும் ஒரே வெளிச்சத்தில் கிடந்தேன். அவள் வருகிற இரண்டு நேரமும்தான் எனக்கு நாள். அவள் வராவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் மெசினை விடப் பெரிதாக நெஞ்சில் இருந்தது. பத்தாம் நாள் போல வாய்க் குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளை போட்டு அதில் குழாய் வைத்தார்கள். அப்போதும் குரல் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, விரல்களை மடக்கிக்கொண்டே, என்னைப் பாராமல் கேட்டாள். "அம்மா, வாற வியாழன் வீட்டிலை எனக்கு ஒரு அலுவல் இருக்கு. அந்த ஒரு நாள் மட்டும் வராமல் விடட்டோ?"

நான் பக்கத்துக்குப் பார்த்தேன்.

அவள் அடுத்த விரலை மடக்கினாள். "பின்னேரம் மட்டும் வரட்டோ?"

பக்கத்துக்குப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். மெசின் சத்தம் போட்டது. மிஸி ஓடிவந்து பார்த்துவிட்டு, "அம்மாவை யோசிக்க விடாதேங்கோ, இதயத்துடிப்பு ஏறுது" என்றா.

"சரி அம்மா" என்றாள் பிலோமினா. "வாறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ. வாறன்."

வியாழன் மத்தியானம் வந்தாள். வழமையான பூப்போட்ட சட்டை இல்லை, வெள்ளைச் சேலை. கையில் ஒரு மெழுகுதிரி. அதை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலுமாரியின் மேல் நிறுத்தினாள். "இஞ்சை கொளுத்த ஏலாது, ஒட்சிசன் இருக்கு" என்று மிஸி மெதுவாகச் சொன்னா. "தெரியும் மிஸி. கொளுத்த மாட்டன். சும்மா இருக்கட்டும்." அன்றைக்கு என் பாதத்தை நெடுநேரம் தேய்த்தாள். பெருவிரலை, குதியை, கணுக்காலை, ஒன்றையும் விடாமல். எனக்காக ஏதோ வேதக்காரச் சடங்கு செய்கிறாள் என்று நினைத்து, கண்ணைப் பக்கத்துக்குத் திருப்பிக் காட்டினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. அதிசயம் ஒன்றும் அன்றைக்கு நடக்கவில்லை. என் கால் கட்டை மாதிரிக் கிடந்தது.

அடுத்த கிழமை குகன் வந்தான். பேத்தி பிறந்து பத்து நாள். என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பிலோமினா வெளியே போக எழும்பினாள். அவன் மறித்தான்.

"நில்லுங்கோ அன்ரி. நான் உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். ஆள் ஒழுங்குபண்ணினவரைச் சந்திச்சு நன்றி சொல்லப் போனனான். அவர் அனுப்பின பொம்பிளை அண்டைக்குப் பத்து மணிக்கு வந்து பாத்தவவாம், அம்மாவுக்கு வேற ஆரோ முகம் கழுவிக்கொண்டு நிண்டவையாம், சொந்தக்காரர் எண்டு நினைச்சுத் திரும்பிப் போட்டாவாம். அவரும் அப்பிடித்தான் நினைச்சிருக்கிறார். எங்களுக்கு இஞ்சை அப்பிடி ஒரு சொந்தக்காரரும் இல்லை. நீங்கள் ஆர்?"

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

"நான் மயிலிட்டி ஆள், தம்பி" என்றாள். "அம்மா முதல் கிடந்தாவே, வாட்டிலை, ஜன்னல் கட்டில். அது என்ரை றீற்றா அக்கான்ரை கட்டில். ரெண்டு மாசம் அதிலைதான் வைச்சுப் பாத்தனான். அவ செவ்வாய்க்கிழமை கண்ணை மூடிட்டா. நாலாம் நாள், மிஞ்சின சாமானுகள் ஆருக்கும் உதவும், குடுப்பம் எண்டு கொண்டுவந்தனான்."

"பிறகு ஏன் நிண்டனீங்கள்?"

"அம்மா நிக்கச் சொன்னவ."

குகன் விரல் விட்டு நாளை எண்ணினான். பிறகு, "அப்ப உங்கடை அக்கான்ரை முப்பத்தொண்டு..." என்று இழுத்தான்.

"போன வியாழன் முடிஞ்சுது. வீட்டிலை மற்றவை நிண்டு செய்தவை."

செத்தவர்களுக்கு நாங்கள் செய்கிற அந்தியேட்டி எப்படியோ அப்படி அவர்களுக்கும் முப்பத்தோராம் நாள். கோவிலில் பூசை, கல்லறையில் மெழுகுதிரி, வீட்டில் வந்தவர்களுக்குச் சாப்பாடு. கூடப்பிறந்தவள் அன்றைக்கு வீட்டில் இல்லாமல் இருப்பது என்றால் ஊர் என்ன கதைக்கும் என்று எனக்குத் தெரியும். என் தமையனின் அந்தியேட்டிக்குப் பிந்தி வந்த ஒருத்தியோடு நான் நாலு வருஷம் கதைக்காமல் இருந்தவள். அந்த நாளைத்தான் அவள் என்னிடம் கேட்டாள். நான் பக்கத்துக்குப் பார்த்தேன், இரண்டு தரம்.

அந்த நேரம் எனக்கு வாய் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கண்ணீர் மட்டும் ஓடியது. பிலோமினா கண் காய்ந்துவிட்டது என்று நினைத்து, நனைத்த பஞ்சு எடுத்து வந்து துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. பிறகு அவளுக்கு விளங்கியது. பஞ்சை வைத்துவிட்டு, வெடித்த விரல்களால் என் நெற்றியைத் தடவினாள். "பரவாயில்லை அம்மா. பரவாயில்லை" என்றாள். குகன் அவளுக்குக் கொடுக்கவென்று கொண்டுவந்த உறையை அவள் தொடவில்லை. அவன் மூன்று கிழமை நின்றான். அந்த மூன்று கிழமையும் அவளும் வந்தாள்.

ஒரு சாதாரண திங்கட்கிழமை வலக்கால் பெருவிரல் அசைந்தது. எனக்குத் தெரியாது, அவள்தான் கண்டாள். "மிஸி! மிஸி!" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்த வாட்டே திரும்பிப் பார்த்தது. அறுந்துபோகாத வயருக்குமேல் உறை வளர்ந்துகொண்டிருக்கிறது. பார்க்க முடியாத இடத்தில், மயிரிழை மயிரிழையாக, ஒருவரும் கேட்காமலே என் உடம்பு என்னைத் திருப்பிச் செய்துகொண்டிருந்தது. மெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். முதலில் அரை மணித்தியாலம் நானே மூச்சு விட்டேன், பிறகு ஒரு மணித்தியாலம், பிறகு ஒரு பகல்.

கழுத்துக் குழாயில் சின்ன மூடி போட்டுக் கதைக்க விட்ட நாளில் குகன் பக்கத்தில் நின்றான். தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்தான் போல. நான் பிலோமினாவைத்தான் பார்த்தேன். கிழமைக்கணக்கில் மனசுக்குள் எழுதி வைத்த மன்னிப்பு பெரிய கடிதம். வந்தது தகரம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏன் சொல்லேல்லை?"

அவள் சிரித்தாள். "நீங்கள் கதைக்க விட்டால்தானே அம்மா!" பிறகு வாங்கை இழுத்துப் போட்டு இருந்து, என் விரல்களை மடக்கத் தொடங்கினாள். அந்த வேலை இல்லாமல் அவளால் கதைக்க முடியாது. "அண்டைக்கு பஸ்ஸிலை அழுதுகொண்டுதான் வந்தனான். 'ஆண்டவரே, ரெண்டு மாசம் இந்தக் கை அக்காவுக்கு எண்டு இருந்தது. இனி இது என்ன செய்யிறது' எண்டு கேட்டுக்கொண்டு வந்தனான். அக்கான்ரை கட்டிலடிக்கு வந்து நிண்டால், 'ஏன் இவ்வளவு நேரம்' எண்டு ஒரு சத்தம். ஆண்டவர் இப்பிடிப் பேசுவார் எண்டு நான் நினைக்கேல்லை."

குகன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை.

"முப்பத்தொண்டு..." என்றேன்.

அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. "வராமல் விட்டிருக்கலாம். அண்டைக்கு முழுக்க நெஞ்சு அடைச்சுக்கொண்டுதான் இருந்தது அம்மா, பொய் சொல்லமாட்டன். என்ரை தம்பி என்னோடை இப்பவும் சரியாய்க் கதைக்கிறேல்லை. ஆனால் சின்னனிலை இருந்து கேட்டுக்கொண்டு வாறம், யேசு ஆண்டவர் எங்களுக்கு எண்டு உசிரையே விட்டவர் எண்டு. கேட்டுக்கொண்டே இருந்தால் காணுமோ? என்னட்டை ஒருத்தரும் உசிரைக் கேக்கேல்லை. நீங்கள் பெட்பான்தான் கேட்டனீங்கள். பிறகு ஒரு நாள் கேட்டனீங்கள். அவ்வளவுதானே."

அவ்வளவுதானே என்றாள். நான் அன்றும் சைவக்காரி, இன்றும் சைவக்காரி. மாறச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் அந்த "அவ்வளவுதானே"க்கு முன்னால் நான் இன்னும் எழும்பி நின்றபடிதான் இருக்கிறேன்.

நாலாம் மாசம் வீட்டுக்கு வந்தேன். அவள் தூக்கிக்கொண்டு திரிந்த செருப்பை அவளே என் காலில் மாட்டினாள். அன்று பின்னேரம், நான் கேட்டு அவள் போத்தலில் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தேன். அவளுடைய பானையில் காய்ச்சின மரக்கறிக் கஞ்சி. ஆஸ்பத்திரிச் சாமான் பையைக் கிளறியபோது அடியில், பஞ்சுச் சுற்றுக்கும் மருந்துத் துண்டுகளுக்கும் நடுவில், அந்த மெழுகுதிரி கிடந்தது. வெக்கையில் கொஞ்சம் வளைந்திருந்தது. திரி வெள்ளையாகவே இருந்தது. அதை எடுத்து சுவாமிப் படத்தடியில் வைத்தேன்.

போன மாசம் றீற்றாவின் ஆண்டுப் பூசை. பிலோமினா சொல்லவில்லை, நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓட்டோ பிடித்து, தடியூன்றி, மயிலிட்டிக் கோவிலுக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். முடிந்ததும் எல்லாரும் சேமக்காலைக்கு நடந்தார்கள். அங்கே கல்லறைத் தோட்டத்தைச் சேமக்காலை என்றுதான் சொல்கிறார்கள். கடற்காற்று அடித்தது. பிலோமினா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு சீமெந்துக் கல்லறையடியில் விட்டாள். அவளுடைய தம்பி கொஞ்சம் தள்ளி நின்றான். முறைப்பாகத்தான் நின்றான். அவன் முறைக்க நியாயம் இருக்கிறது.

பையிலிருந்து வளைந்த மெழுகுதிரியை எடுத்தேன். பிலோமினா அதை உடனே அடையாளம் கண்டாள், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நெருப்புப்பெட்டியை நான்தான் பிடித்தேன். விரல் நுனி இன்னும் முழுக்கத் திரும்பவில்லை. முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது கையிலிருந்து விழுந்தது. மூன்றாவதைக் காற்று அணைத்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிலோமினா என் கையிலிருந்து பெட்டியை வாங்கவில்லை.

"ஆறுதலாய்ப் பத்துங்கோ அம்மா" என்றாள். "அக்கா எங்கை போகப்போறா?"

ஏழாவதோ எட்டாவதோ குச்சி பற்றியது. அவள் மடக்கி மடக்கி எனக்குத் திருப்பித் தந்த விரல்களால் சுடரைச் சுற்றி மறைவு பிடித்தேன். காற்றுக்கு மறுபக்கம் ஒரு கை வந்து சேர்ந்தது. அவளுடைய தம்பியின் கை.

றீற்றாவுக்குச் சொல்வதற்கு ஒரு வருஷமாக எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அவளுடைய கட்டிலைப் பற்றி, தங்கச்சியைப் பற்றி, அந்த வியாழனைப் பற்றி. அத்தனையும் மறந்துபோய், "பிந்தி வந்திட்டன் பிள்ளை" என்று மட்டும்தான் வாயில் வந்தது.